இரண்டு ஆண்டா, நான்கு ஆண்டா? அமெரிக்க மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களின் பதவிக்காலம்

அமெரிக்காவின் 50 மாநிலங்களில் நெப்ராஸ்காவின் சட்டமன்றம் மட்டுமே ஓரவை கொண்டது. கீழவை, மேலவை என இரண்டும் உள்ள மற்ற 49இல், 44 மாநிலங்களின் கீழவை உறுப்பினர்கள் இரண்டு ஆண்டுகளுக்கே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அலபாமா, லூசியானா, மேரிலாந்து, மிசிசிப்பி, வடக்கு டகோட்டா ஆகிய ஐந்தில்தான் கீழவைக்கும் நான்கு ஆண்டு. மேலவைகள் பெரும்பாலும் நான்காண்டுப் பதவிக்காலம் கொண்டவை. நியூயார்க், ஜார்ஜியா உட்பட 12 மாநிலங்களில் அவற்றுக்கும் இரண்டு ஆண்டுதான். பதவிக்காலத்தை நீட்டலாமா என்ற கேள்வி அங்கே திரும்பத் திரும்ப எழுகிறது. தொகுதியின் அளவைப் பார்க்காமல் அதற்கு விடை சொல்ல முடியாது என்பது என் கருத்து.

நியூ ஹாம்ப்ஷயரின் கீழவையில் 400 பேர் இருக்கிறார்கள். ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழ 3,400 மக்கள். ஆண்டுச் சம்பளம் 100 டாலர். அங்கே வேட்பாளர் வீடு வீடாக நடந்தே வாக்குக் கேட்டுவிடலாம் என்பதால் இரண்டாண்டுத் தேர்தல் பெரும் பாரமல்ல. மக்களிடம் அடிக்கடி கணக்குச் சொல்லும் நல்ல வழக்கம் அது. கலிபோர்னியாவின் கீழவையிலோ 80 பேர்தான். ஒரு தொகுதியில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள். அத்தனை பேரையும் எட்டப் பெரும்பணம் தேவை என்பதால், வென்ற மறுநாளே அடுத்த தேர்தலுக்கு நன்கொடை திரட்டும் கட்டாயம் உறுப்பினரைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பணத்தைத் தருபவர்கள் சட்டங்களில் அக்கறை உள்ளவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள். குறுகிய பதவிக்காலம் மக்களுக்குத் தந்த பிடியை அது நன்கொடையாளர்களின் கைக்கு மாற்றிவிடுகிறது.

அவை கூடும் முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டெக்சாஸில் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாட்கள் நடக்கிறது. ஜனவரியில் அவைக்குள் நுழையும் புதிய கீழவை உறுப்பினர் மே முடியுமுன் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, அடுத்த மார்ச்சில் கட்சியின் வேட்பாளரை வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலைச் சந்திக்கிறார். ஒரு பதவிக்காலத்துக்கு ஒரே வழக்கமான கூட்டத்தொடர்தான் அவருக்குக் கிடைக்கிறது. அதேபோல இரண்டாண்டுக்கு ஒரு முறையே வழக்கமாகக் கூடும் வடக்கு டகோட்டா நான்கு ஆண்டு தருவதால், முதல் தொடரில் கற்றதை இரண்டாவதில் பயன்படுத்த இடம் இருக்கிறது.

ஆனால் நான்கு ஆண்டிலும் இரு வகை உண்டு. மேரிலாந்திலும் அலபாமாவிலும் எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடக்கிறது. இடையில் மக்கள் மனம் மாறினாலும் அவையில் அது தெரிய நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். நெப்ராஸ்காவிலும் வடக்கு டகோட்டாவிலும் பாதி இடங்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடப்பதால் அவை அனுபவத்தையும் இழப்பதில்லை, மக்கள் குரலும் தாமதமாவதில்லை.

பாதிப் பாதியாக நடத்துவதில் ஒரு சிக்கல், பத்தாண்டுக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் தொகுதி எல்லைகள் மாறும்போது எழுகிறது. கலிபோர்னிய மேலவையில் ஒற்றைப்படை எண்ணுள்ள தொகுதிகளுக்கும் இரட்டைப்படை எண்ணுள்ளவற்றுக்கும் வெவ்வேறு ஆண்டுகளில் தேர்தல். எல்லை மாற்றத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தப்படும் வாக்காளர்களில் சிலர் மேலவைக்கு வாக்களிக்க ஆறு ஆண்டுகள் காத்திருக்க நேர்கிறது. டெக்சாஸ் இதைத் தவிர்க்க, எல்லை மாறியதும் 31 மேலவை இடங்களுக்கும் ஒன்றாகத் தேர்தல் நடத்தி, யாருக்கு இரண்டு ஆண்டு, யாருக்கு நான்கு என்பதைச் சீட்டெடுத்து முடிவு செய்கிறது.

இல்லினாயின் 1970ஆம் ஆண்டு அரசமைப்பு இதைவிடச் சீரான வழியைக் கண்டது. அங்கே 59 மேலவை இடங்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, பத்தாண்டுக்குள் ஒரு குழுவுக்கு இரண்டு, நான்கு, நான்கு என்றும், அடுத்ததற்கு நான்கு, இரண்டு, நான்கு என்றும், மூன்றாவதற்கு நான்கு, நான்கு, இரண்டு என்றும் பதவிக்காலம் சுழல்கிறது. புதிய எல்லைகள் வரும்போது எல்லா இடங்களும் ஒருசேரத் தேர்தலுக்கு வருகின்றன. வாக்காளருக்கு நினைவில் வைப்பது கடினம் என்ற குறை உண்மைதான். ஆயினும் பெரிய தொகுதிகள் கொண்ட மாநிலங்களின் மேலவைக்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

கீழவையை நான்கு ஆண்டாக்க விரும்பும் மாநிலம் பாதிப் பாதித் தேர்தலையோ, பதவிக்காலம் முடியுமுன்பே மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் உரிமையையோ கூடவே தர வேண்டும். அந்த உரிமை வெறும் ஏட்டளவில் நிற்பதல்ல. விஸ்கான்சினில் 2011ஆம் ஆண்டு மேலவை உறுப்பினர் இருவர் அப்படியே பதவியிழந்தார்கள். நீட்டிப்புக்கு வாக்களிக்கும் உறுப்பினர்கள் அதன் பயனை நடப்புப் பதவிக்காலத்திலேயே பெறக்கூடாது. மக்களின் ஒப்புதல் கிடைத்த பிறகு, அடுத்த தேர்தலில் வெல்பவர்களுக்கே அது பொருந்த வேண்டும்.