2027 முழுச் சூரிய கிரகணம்: குழுவோடு லக்சரா, தனியாக லக்சரா, ஜித்தாவா?

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை நிகழவிருக்கும் முழுச் சூரிய கிரகணம் திருநெல்வேலியில் மாலை நேரத்துப் பகுதி கிரகணமாக மட்டுமே தெரியும். முழு மறைப்பின் பாதை தெற்கு ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, சவுதி அரேபியா, ஏமன், சோமாலியா வழியாகச் சென்று இந்தியப் பெருங்கடலிலேயே முடிந்துவிடுகிறது. 2010 ஜனவரி 15 அன்று நம் ஊரில் சூரியன் வளையமாகத் தெரியும் கங்கண கிரகணத்தைப் பார்த்தவர்களுக்கு, வேப்பமரத்தடியில் தரையெங்கும் சிறு சிறு ஒளி வளையங்கள் சிதறிக் கிடந்தது நினைவிருக்கும். அன்று சூரியனின் விளிம்பு எரிந்துகொண்டே இருந்ததால், சூரியனைச் சூழ்ந்த மெல்லிய ஒளிப் படலமான கரோனா கண்ணுக்கு அகப்படவில்லை. அதைக் காண ஊரை விட்டுக் கிளம்பித்தான் ஆக வேண்டும். பாளையங்கோட்டையில் மொட்டை மாடியில் தொலைநோக்கியோடு பொழுதைக் கழிக்கும் எங்கள் நால்வருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: எகிப்தின் லக்சர் நகரில் வானியல் ஆர்வலர்களைக் கூட்டிச் செல்லும் குழு ஒன்றில் சேர்வது, அதே லக்சருக்கு நாங்களே ஏற்பாடு செய்துகொண்டு போவது, ஜித்தாவில் வேலை பார்க்கும் என் மைத்துனர் வீட்டில் தங்கிப் பார்ப்பது.

குழுப் பயணம் என்றால் ஏறத்தாழ எட்டுப் பத்து நாள். நைல் நதிக் கப்பல், கர்னக் கோயில், மன்னர்களின் பள்ளத்தாக்கு, வானியலாளர் ஒருவரின் உரை, பாலைவனத்தில் இரவு வானம் பார்த்தல் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறோம். இவற்றுள் இரவு வானத்துக்காக நெல்லைக்காரர் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. லக்சர் 25.7 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது, நாமோ 8.7 பாகையில் இருக்கிறோம். பொதிகை மலைக்கு உரியவரின் பெயரைத் தாங்கிய அகத்திய மீன், அதாவது கனோபஸ், நம் வானில் 28 பாகை வரை ஏறும். லக்சரில் அது 12 பாகையைத் தொடாது, அந்த ஆகஸ்ட் தொடக்கத்தில் விடியலுக்கு முன் எழவும் எழாது. மணிமுத்தாறு அணைப் பக்கம் ஓர் இருண்ட இரவில் நின்றால் அதைவிட வளமான தென்வானம் கிடைக்கும்.

குழுக்கள் பெருமையாகச் சொல்லும் இன்னொன்று, மேகம் சூழ்ந்தால் பேருந்தில் ஏற்றி வேறிடம் கொண்டுபோகும் வசதி. அதன் அருமையை நான் அறிவேன்: 2009 ஜூலை 22 அன்று முழுச் சூரிய கிரகணம் பார்க்க பீகாரின் தாரேக்னாவுக்கு ரயிலேறிப் போய், மேகத்துக்கு அடியில் நின்று இருட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். ஆனால் ஆகஸ்ட் மாதத்து லக்சரில் மேகம் என்பது அநேகமாக இல்லாத சமாச்சாரம் என்பதால், இந்த வசதிக்குக் கொடுக்கும் பணமும் வீணே. ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் வேண்டுமானால் இதைக் கருதலாம். அங்கே மலகாவில் முழு மறைப்பு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு என்பதால் நாங்கள் அந்த வழியை நினைக்கவே இல்லை.

அப்படியானால் குழுவிடம் உண்மையில் எதை வாங்குகிறோம்? அறையையும், வெயிலுக்கு ஒதுங்கும் நிழலையும்தான். முழு மறைப்பு 6 நிமிடம் 20 நொடியை நெருங்கும் ஊர் என்பதால் உலகமே அங்கு கூடும். அன்று பகல் வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டலாம். தனியாகப் போகிறவர்கள் நைலின் மேற்குக் கரையில் உள்ள சிறு விடுதிகளில் இப்போதே இடம் பிடித்து, எழுத்து மூலம் உறுதி வாங்கிக்கொள்வது நல்லது. குழுவில் சேர்கிறவர்களோ, போதிய ஆள் சேராமல் பயணம் ரத்தானால் முன்பணம் எப்போது திரும்பும் என்பதையும், விமானச் சீட்டின் இழப்பு யார் தலையில் விழும் என்பதையும், கிரகணத்தன்று முழு மறைப்பு நிகழும் பகல் 1 மணி வாக்கில் தங்களை எங்கே நிறுத்துவார்கள் என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் மழுப்பலாக இருந்தால் அந்தக் குழு வேண்டாம். சூரியன் அப்போது 82 பாகை உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நின்றபடி அண்ணாந்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். பத்தமடைப் பாயை விரித்து மல்லாந்து படுப்பதே சரியான வழி.

ஜித்தா செலவில் எல்லாவற்றையும் வென்றுவிடுகிறது; வீட்டுச் சாப்பாடு, வாடகையில்லாத அறை, சுமார் 6 நிமிட முழு மறைப்பு. ஆனால் கடலோரப் புழுக்கமும் தூசி மங்கலும் கரோனாவின் மெல்லிய இழைகளைக் கெடுக்கக்கூடும். திங்கட்கிழமை என்பதால் மைத்துனருக்கு விடுப்பும் உறுதியில்லை. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் சவுதியில் உறவு இல்லாத தெரு அரிது; அப்படி உறவு உள்ளவர்கள், கிரகணத் தொழுகையையும் அங்கேயே நிறைவேற்ற விரும்பினால், யோசிக்காமல் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

எங்களில் மூவர் தனியாக லக்சர் போகிறோம். இதயச் சிகிச்சை செய்துகொண்ட, ஓய்வுபெற்ற ஆசிரியரான நான்காமவர், குளிர்சாதனப் பேருந்தும் உடன் வரும் மருத்துவரும் இருக்கும் குழுவில் சேர்கிறார்; அவருக்கு அந்தப் பணம் தகும். பாய்கள் நான்கும் எங்கள் பெட்டியில்தான் வருகின்றன.