ரேஸ்கோர்ஸ் பக்கம் ஆர்சன் வெல்ஸ்: ஒரு ஞாயிறு திரையிடல் தொடரின் மதிப்புரை

கோவையில் பழைய உலகத் திரைப்படங்களைப் பெரிய திரையில் பார்க்கும் வாய்ப்பு எப்போதாவதுதான் அமைகிறது. 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் கட்டிப் படம் காட்டிய ஊர், சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் புலியகுளத்தில் பட்சிராஜா ஸ்டுடியோவும் இயங்கிய ஊர் என்ற பெருமையெல்லாம் பேச்சில் இருக்கிறதே தவிர, அந்தந்த வாரத்து வெளியீடுகளைத் தாண்டி எதையாவது காட்டுவதென்றால் அரங்கு கிடைப்பதே அரிதாக இருக்கிறது. அந்தக் குறையை ஓரளவு போக்குகிறது, ரேஸ்கோர்ஸ் பகுதியில் ஒரு சிறிய அரங்கை வாடகைக்கு எடுத்து ஞாயிறு மாலைகளில் கட்டணத் திரையிடல் நடத்தும் ஒரு குழு. ஒரே கலைஞரை எடுத்துக்கொண்டு கால வரிசையில் காட்டுவது அவர்கள் வழக்கம். இம்முறை எடுத்துக்கொண்டவர், அமெரிக்க மேடை நடிகரும் திரைப்பட இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ். ஒரு வானொலி மாலை, ஆறு படங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் கால்மணி நேர அறிமுக உரை, ஒரு கையேடு, இடைவேளையில் டீயும் தேங்காய் பன்னும் என்பது ஏற்பாடு. முழுத் தொடருக்கும் ரூ.1,200, தனி மாலைக்கு ரூ.200.

கொடுத்த பணத்துக்கு மோசமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படங்களைத் தேர்ந்தவர் யாரோ, அவருக்கு வெல்ஸை நன்றாகத் தெரிந்திருக்கிறது. கையேட்டை எழுதியவருக்கும் உரை நிகழ்த்தியவருக்கும் அந்த அளவுக்குத் தெரிந்ததாகச் சொல்ல முடியவில்லை. இருபத்தைந்து வயதில் உச்சியைத் தொட்டு, பிறகு வாழ்நாள் முழுக்கச் சறுக்கிய மேதை என்ற தேய்ந்த கதையையே அவர்கள் வாரந்தோறும் சொன்னார்கள். திரையில் ஓடிய படங்களோ அதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தன. மேடையில் கற்றதை எங்கே போனாலும் கைவிடாத ஒரு நாடகக்காரர்தான் அவற்றில் தெரிந்தார்.

அதனால்தான் மேடைப் பகுதிக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்பது என் முதல் குறை. 1915இல் விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில் பிறந்த வெல்ஸ், பதினாறு வயதில் அயர்லாந்துக்குப் போய், தான் ஏற்கெனவே நியூயார்க்கில் பெயர் வாங்கிய நடிகர் என்று துணிந்து புளுகி, டப்ளின் கேட் தியேட்டரில் வேடம் வாங்கியவர். 1936 ஏப்ரலில், இருபது வயதில், அரசின் கூட்டாட்சி நாடகத் திட்டத்துக்காக ஹார்லெமின் லஃபாயெட் அரங்கில் முழுக்கக் கறுப்பின நடிகர்களைக் கொண்டு, கதைக்களத்தை ஸ்காட்லாந்திலிருந்து ஹைதிக்கு மாற்றி, ‘மெக்பெத்’ நாடகத்தை மேடையேற்றினார். மறு ஆண்டு ஜூன் மாதம், ‘தி கிரேடில் வில் ராக்’ என்ற தொழிற்சங்க இசை நாடகம் தொடங்கவிருந்த நேரத்தில் அரங்கம் பூட்டப்பட்டது. வெல்ஸும் அவருடைய கூட்டாளி ஜான் ஹவுஸ்மனும் பார்வையாளர்களையும் அழைத்துக்கொண்டு இருபது தெருக்கள் தள்ளி வேறொரு அரங்குக்கு நடந்தே போனார்கள். நடிகர்கள் மேடையேறக் கூடாது என்று நடிகர் சங்கம் தடுத்திருந்ததால், இசையமைப்பாளர் பிளிட்ஸ்டைன் மட்டும் மேடையில் பியானோ வாசிக்க, நடிகர்கள் பார்வையாளர் நடுவே இருக்கைகளிலிருந்தே எழுந்து பாடினார்கள். அதே 1937இல் மெர்க்குரி தியேட்டரைத் தொடங்கி, ‘ஜூலியஸ் சீஸ’ரை முசோலினி காலத்துச் சீருடையில், வெறும் செங்கல் சுவரைப் பின்னணியாக வைத்து, தரையிலிருந்து மேலே பாயும் வெளிச்சத்தில் நடத்தினார். இவ்வளவையும் உரையாளர் ஆறேழு படவில்லைகளில் தள்ளிவிட்டுப் போனார். பாய்ஸ் கம்பெனிகளிலிருந்து திரைக்கு வந்த எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் பார்த்துப் பழகிய நம் ஊர்ப் பார்வையாளருக்கு, மேடைக் குரல் கேமராவுக்கு முன்னால் என்னவாகிறது என்பதை விளக்கத் தனி வகுப்பு தேவையில்லை. ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால் அரங்கமே பேசியிருக்கும்.

அந்தக் குறையை வானொலி மாலையின் இரண்டாம் பாதி ஈடுகட்டியது. 1938 அக்டோபர் 30 அன்று சிபிஎஸ் வானொலியில் மெர்க்குரி குழு ஒலிபரப்பிய ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ நாடகத்தை, விளக்கை அணைத்து, திரையை வெறுமையாக விட்டு, முழுதாகக் கேட்க வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் அரங்கில் நிறையப் பேர் இருந்ததாலோ என்னவோ, யாரும் செல்பேசியை வெளியே எடுக்கவில்லை. நடன இசைக்கு நடுவே செய்தி அறிக்கை குறுக்கிடுகிறது, மீண்டும் இசை, மீண்டும் செய்தி. செவ்வாய்க் கிரகத்தவர் வந்திறங்கிய பண்ணையிலிருந்து பேசிக்கொண்டிருந்த செய்தியாளரின் குரல் பாதியில் அறுந்துபோக, ஒலிபெருக்கியில் எதுவுமே இல்லாமல் சில விநாடிகள் கழிகின்றன. அந்த மௌனத்தை நீட்டும் துணிச்சல் ஒரு மேடை இயக்குநருக்கே வரும். நாடகத்தை உண்மைச் செய்தி என்று நம்பி நாடு முழுவதும் மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள் என்று கையேடு அச்சிட்டிருக்கிறது. மறுநாள் நாளிதழ்கள் அந்தப் பீதியைப் பல மடங்கு ஊதிப் பெருக்கின என்று ஊடக ஆய்வாளர்கள் சொல்லிவருவது அதில் ஒரு வரிகூட இல்லை.

‘சிட்டிசன் கேன்’ (1941) காட்டிய மாலையில் அரங்கு நிறைந்திருந்தது. கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். பெரிய திரையில் பார்த்தால் தெரிவது கூரை. அறைகளுக்குத் துணியால் கூரை கட்டி, அதற்கு மேலே ஒலிவாங்கிகளை மறைத்து வைத்து, தரையை வெட்டிக் கேமராவைக் கீழே இறக்கிப் படமாக்கியிருக்கிறார்கள். ஒரு பத்திரிகை முதலாளியின் எழுச்சியும் தனிமையும் அந்தத் தாழ்ந்த கூரைக்கடியில் மூச்சுமுட்டுகின்றன. ஆனால் அன்று நடந்த ஒரு காரியத்தை மன்னிக்க மனம் வரவில்லை. கதை முடிந்ததும், முக்கிய நடிகர்களில் பெரும்பாலோர் திரைக்குப் புதியவர்கள் என்றும் அவர்களை அறிமுகப்படுத்துவதில் மெர்க்குரி தியேட்டர் பெருமைகொள்கிறது என்றும் ஓர் அறிவிப்பு வந்து, ஜோசப் காட்டன், ஆக்னஸ் மூர்ஹெட், எவரெட் ஸ்லோன் என்று ஒவ்வொருவரின் முகமும் தோன்றும். நாடகம் முடிந்து நடிகர்கள் வரிசையாக வந்து வணங்குவதைத் திரையில் வெல்ஸ் செய்து காட்டும் இடம் அது. அந்த நேரம் பார்த்து அமைப்பாளர்கள் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். பாதிப் பேர் எழுந்து வாசலுக்கு நகர, மீதிப் பேர் அவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிலர் புகார் சொன்ன பிறகு அடுத்த வாரம் முதல் இது நடக்கவில்லை. நல்ல வேளை, ஏனெனில் அடுத்த படமான ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ (1942) எழுத்தே இல்லாமல், வெல்ஸின் குரல் ஒவ்வொரு கலைஞரின் பெயரையும் சொல்லி அறிமுகப்படுத்தி, கடைசியில் ஓர் ஒலிவாங்கியைக் காட்டித் தன் பெயரையும் சொல்லி முடிகிறது.

தொடரிலேயே என்னை அதிகம் உலுக்கியது அந்தப் படம்தான். வெல்ஸ் பிரேசிலில் வேறொரு படப்பிடிப்பில் இருந்தபோது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்ட அவருடைய வடிவத்தை ஆர்கேஓ நிறுவனம் 88 நிமிடமாக வெட்டி, முடிவையும் மாற்றியெடுத்து வெளியிட்டது. வெட்டிய பகுதிகள் அழிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியதிலும் ஒரு சமையலறைக் காட்சி இருக்கிறது. இளைஞன் ஜார்ஜ் மேசையில் உட்கார்ந்து ஸ்ட்ராபெரி கேக்கை விழுங்கிக்கொண்டிருக்கிறான். எதிரே அத்தை ஃபேனி, தான் மனத்துக்குள் விரும்புகிற மனிதரைப் பற்றிய செய்தியைப் பட்டும்படாமல் விசாரிக்கிறாள். கேமரா கிட்டத்தட்ட அசைவதே இல்லை. வெட்டு இல்லை, முக நெருக்கக் காட்சி இல்லை. அவன் வாயில் கேக்குடன் பதில் சொல்லச் சொல்ல, ஆக்னஸ் மூர்ஹெட்டின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக உடைவதை, நாடக அரங்கின் நான்காவது வரிசையிலிருந்து பார்ப்பதுபோல் நாமே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே நேரத்தில் இருவர் மூவர் பேசும் வெல்ஸின் பாணிக்குத் துணைத்தலைப்புகள் ஈடுகொடுக்கவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். ஒருவர் பேச்சு திரையில் எழுத்தாக வருவதற்குள் அடுத்தவர் பேசி முடித்துவிடுகிறார்.

அடுத்த இரண்டு மாலைகளையும் இணைத்த விதம் இத்தொடரின் சிறந்த யோசனை. முதலில் கரோல் ரீட் இயக்கிய ‘தி தேர்ட் மேன்’ (1949). இதில் வெல்ஸ் நடிகர் மட்டுமே. ஏறத்தாழ ஒரு மணி நேரம் எல்லோரும் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, வியன்னாவின் இருண்ட வாசல் ஒன்றில் நின்றபடி, ஜன்னலிலிருந்து விழும் வெளிச்சத்தில் ஒரு சிறு புன்னகையுடன் தோன்றுகிறார். அதற்கடுத்த வாரம் ‘ஒத்தெல்லோ’. பிறர் படங்களில் நடித்த கூலியைக் கொண்டுவந்து கொட்டி, தீர்ந்ததும் படப்பிடிப்பை நிறுத்தி, மறுபடி நடிக்கப் போய், மொராக்கோவிலும் இத்தாலியிலுமாக ஆண்டுக்கணக்கில் எடுத்து, 1952இல் கான் திரைப்பட விழாவில் உயரிய பரிசைப் பகிர்ந்துகொண்ட படம். மொராக்கோ கடற்கரை ஊரான மொகதோரில் உடைகள் வந்து சேராததால், ஒரு கொலைக் காட்சியைத் துருக்கிக் குளியலறைக்கு மாற்றி, நடிகர்களுக்குத் துண்டைக் கட்டிவிட்டு எடுத்தார் வெல்ஸ். நீராவியும் மரப் பலகைகளின் இடுக்கில் பாயும் வாளும் சேர்ந்து, படத்தின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்றாகிவிட்டது. டீ இடைவேளையில், கணபதி பகுதியில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், “ஏனுங்க, இந்தாளு நம்ம பட்டறைக்காரங்களாட்டவே இருந்திருக்காருங்க. ஊருக்கெல்லாம் ஜாப் ஒர்க் பண்ணிக் குடுத்துப்போட்டு, அந்தக் காசுல சொந்த மோட்டாரச் செஞ்சு பாத்திருக்காருங்க” என்றார். கையேட்டின் பன்னிரண்டு பக்கங்களிலும் இந்த அளவுக்குத் தெளிவான ஒரு வாக்கியம் இல்லை. கூலிக்கு நடித்ததை வீழ்ச்சியின் அடையாளமாகக் கையேடு எண்ணுகிறது. பட்டறை நடத்துகிறவர்களுக்கு அது மூலதனம் திரட்டும் வழி என்று உடனே புரிகிறது.

‘டச் ஆஃப் ஈவில்’ (1958) படத்தின் எந்த வடிவத்தைக் காட்டுவார்கள் என்ற ஐயம் இருந்தது. யூனிவர்சல் நிறுவனம் மாற்றியமைத்த வடிவத்தைப் பார்த்துவிட்டு வெல்ஸ் எழுதிய 58 பக்கக் குறிப்பை வைத்து, 1998இல் வால்ட்டர் மர்ச் மறுபடி தொகுத்த வடிவத்தையே காட்டினார்கள், மகிழ்ச்சி. காரின் பின்பெட்டியில் வெடிகுண்டு வைக்கப்படுவதில் தொடங்கி, எல்லையூர்த் தெருக்களின் மேலாகவும் ஊடாகவும் மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டின்றி நகரும் தொடக்கக் காட்சியில், பெயர் எழுத்துகளும் அவற்றுக்கான பின்னணி இசையும் நீக்கப்பட்டு, ஒவ்வொரு மதுக்கடை வாசலிலிருந்தும் கார் வானொலியிலிருந்தும் வெவ்வேறு பாட்டு வந்து கலந்து மறைகிறது. முதல் வாரங்களில் பழைய ஒற்றைத்தட ஒலியைச் சுற்றொலியாக மாற்றிக் குடத்துக்குள் பேசுவதுபோல் ஆக்கியிருந்தவர்கள், இதற்குள் அதைத் திருத்தி நடு ஒலிபெருக்கிக்கு மட்டும் அனுப்பியிருந்தார்கள். அந்தத் திருத்தத்தின் பலன் அந்தத் தெருக்களில் முழுதாகக் கேட்டது.

நிறைவாக ‘சைம்ஸ் அட் மிட்நைட்’. 1939இல் ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களை இணைத்து ‘ஃபைவ் கிங்ஸ்’ என்று மேடையேற்றித் தோற்று, 1960இல் பெல்ஃபாஸ்ட்டிலும் டப்ளினிலும் மறுபடி மேடையில் முயன்று, 1965இல் ஸ்பெயினில் அதைப் படமாக எடுத்தார் வெல்ஸ். மேடையில் இளவரசனாக நடித்த கீத் பாக்ஸ்டரே படத்திலும் இளவரசன். மன்னராக ஜான் கில்குட். பருத்த உடலும் பொய்யும் கருணையுமாக, இளவரசனின் தோழன் ஃபால்ஸ்டாஃப் வேடத்தில் வெல்ஸ். இருநூறு பேருக்குள் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் மோதும் போரை வெறும் வெட்டுகளாலும் ஒலியாலும் உண்டாக்கியிருக்கிறார். உதட்டசைவும் குரலும் பல இடங்களில் ஒட்டவில்லை. சில துணைப் பாத்திரங்களுக்கு வெல்ஸே குரல் கொடுத்திருப்பதும் காதுக்குத் தெரிகிறது. முடிசூடிய இளவரசன் தன் பழைய தோழனைத் தெரியாதவன்போல் ஒதுக்கும் இடத்தில் அந்தக் குறைகள் எதுவும் நினைவில் இருப்பதில்லை. ஒரு நாடகத்தை இருபத்தாறு ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்து முடித்தவரைச் சறுக்கியவர் என்று, படம் தொடங்கக் கால்மணி நேரம் இருக்கையில், உரையாளர் எப்படித்தான் சொன்னாரோ!

விட்டுப்போனவற்றில் ‘எஃப் ஃபார் ஃபேக்’ (1973) இல்லாதது பெரிய இழப்பு. ‘தி ட்ரயல்’ படத்தையும் சேர்த்திருக்கலாம். ‘தி தேர்ட் மேன்’ அளவுக்கு அது கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். வெல்ஸ் 1985இல் இறந்த பிறகு, 2018இல் நெட்ஃபிளிக்ஸ் வழியே வெளிவந்த ‘தி அதர் சைட் ஆஃப் தி விண்ட்’ பற்றிக் கையேட்டில் ஒரு பத்தி இருக்கிறது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதால் அதைத் தவிர்த்தது சரியே.

அரங்கின் வசதிகளைப் பொறுத்தவரை, கடைசி மூன்று வரிசைகளில் குளிர்சாதனத்தின் இரைச்சல் வசனத்தை விழுங்குகிறது. முன்னால் இருப்பவரின் தலை மறைக்காத இடம் நான்காவது, ஐந்தாவது வரிசைகளில்தான். முன்பதிவின்போதே அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். டீ நன்றாக இருக்கிறது, பன் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. தொடரை மறுபடி நடத்தப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். இரண்டு மாலைகளுக்கு மட்டுமே நேரமுள்ளவர்கள் வானொலி மாலையையும் ‘சைம்ஸ் அட் மிட்நைட்’டையும் தேர்ந்துகொண்டு, உரை முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். நிகழ்ச்சி முடிய இரவு ஒன்பதரை ஆகிவிடுவதால், திருப்பூர்க்காரர்கள் காந்திபுரத்துக்கும் பொள்ளாச்சிக்காரர்கள் உக்கடத்துக்கும் போய்ச் சேர வண்டி ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது.