சுவிஸா ஜெர்மனியா: குடும்பத்தோடு வாழ எது நல்லது?

சம்பளத்தை மட்டும் பார்த்தால் சுவிட்சர்லாந்துதான். வரியும் பொதுவாகக் குறைவு என்பதால், வாடகை அதிகமானாலும் மாதக் கடைசியில் கையில் நல்ல தொகை நிற்கும். தனி ஆள் என்றால் யோசிக்கவே வேண்டாம், சூரிச்சுக்குப் போகலாம்.

குழந்தை பிறந்ததும் கணக்கு மாறிவிடும். சுவிஸில் மருத்துவக் காப்பீடு தலைக்கு இவ்வளவு என்றுதான். குழந்தைக்கும் தனிப் பிரீமியம். அது போக, பெரியவர்கள் வருடத்துக்கு 300 முதல் 2500 பிராங்க் வரையிலான செலவை முதலில் தாங்களே ஏற்க வேண்டும். ஜெர்மனியின் பொதுக் காப்பீட்டில் சம்பளத்துக்கு ஏற்பப் பிடிப்பார்கள், ஏறக்குறையப் பாதியை முதலாளி கட்டுவார், குழந்தைகள் கூடுதல் கட்டணமில்லாமல் அதிலேயே அடக்கம்.

அப்புறம் பிள்ளை வளர்ப்பு. ஜெர்மனியில் தாயும் தந்தையும் விடுப்பைப் பகிர்ந்துகொண்டால் 14 மாதம் வரை உதவித்தொகை வரும். சுவிஸில் சட்டப்படி தாய்க்கு 14 வாரம், தந்தைக்கு 2 வாரம். தந்தைக்கான அந்த விடுப்பே 2021இல்தான் வந்தது. இவ்வளவு பணம் உள்ள நாடு இதில் கையை இறுக்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. சூரிச்சில் மானியம் இல்லாவிட்டால் குழந்தைக் காப்பகத்துக்கு ஒரு நாளைக்கே 100 பிராங்குக்கு மேல் ஆகும். பெர்லினில் சாப்பாட்டுக்கு மட்டும் சிறு தொகை. சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் ஜெர்மனியைத்தான் சொல்வேன்.

ரயிலில் சுவிஸ் எங்கேயோ இருக்கிறது. 2024இல் ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் தாமதம். குடியுரிமைக்கு ஜெர்மனியில் பொதுவாக 5 வருடம், சுவிஸில் 10.