கை நடுங்கும்போது எந்தக் குழுவில் பேசுவது?

எனக்கு 66 வயது. பாளையங்கோட்டையில் இருக்கிறேன். பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொல்லி ஐந்து வருடம் ஆகிறது. அன்று வீடு திரும்பும்போது மாத்திரையைப் பற்றிய யோசனைகூட எனக்கு வரவில்லை. இது வந்த இன்னொருவரைப் பார்க்க வேண்டும், அவரோடு பேச வேண்டும் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. இந்த நோய்க்குப் பெயர் தந்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் ஆறு பேரை வைத்து எழுதினார். அவர்களில் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. எங்கள் தெருவில் எனக்கு ஒருவரும் கண்ணில் படவில்லை. அதனால் ஃபோனில் தேடினேன்.

அன்றிலிருந்து நான்கு விதமான இடங்களில் இருந்து பார்த்துவிட்டேன். வாட்ஸ்அப் குழு, ஃபேஸ்புக் குழு, ஆங்கிலத்தில் நடக்கும் நோயாளர் தளங்கள், வாரம் ஒரு தடவை வீடியோவில் கூடும் சின்னக் கூட்டம். புதிதாக நோய் தெரிந்தவர்கள் "எதில் சேரட்டும்மா?" என்று கேட்கும்போது நான் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வேறு வியாதிக்காரர்களுக்கு எல்லாக் குழுவும் ஒன்றுபோலத் தெரியலாம், நமக்கு அப்படி இல்லை. கை நடுங்குவதால் எழுத்துக்கு எழுத்து தட்டுவது பெரிய வேலை. குரல் இறங்கிப்போவதால் குரல் பதிவு அனுப்பினால் பாதி கேட்காது. முகத் தசை இறுகிவிடுவதால் வீடியோவில் சிரித்தாலும் சிரித்ததாகத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு இடமும் நம் உடம்பிடம் என்ன கேட்கிறது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் தொடங்குகிறேன், எல்லாரும் தொடங்குவது அங்கேதான். புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை. பேரன் பேத்தி படம் பார்க்கிற அதே இடம். பேச்சு தமிழில் நடக்கும். நான் சேர்ந்த குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். முதல் வாரமே அது எனக்குப் பெரிய உதவி செய்தது. இந்த நோய்க்குத் தரும் லெவோடோபா மாத்திரை போட்டும் காலையில் உடம்பு இளகவே இல்லை என்று எழுதியிருந்தேன். அரை மணிக்குள் மூன்று பேர், "மாத்திரையைக் காப்பியோடு போடுறீங்களா அக்கா?" என்று கேட்டார்கள். ஆமாம், பால் காப்பியோடுதான். பாலில் உள்ள புரதமும் இந்த மருந்தும் குடலிலிருந்து ரத்தத்துக்குள் போக ஒரே வழியில் போட்டி போடுகின்றன. மருந்து தோற்றுவிடும். வெறும் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் கழித்துக் காப்பி குடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியே செய்யச் சொன்னார். பத்து நாளில் வித்தியாசம் தெரிந்தது. சீட்டில் எழுதியிருக்காத இந்த விஷயம் என்னைப் போன்ற மூன்று பேரிடமிருந்து வந்தது.

அப்புறம் வெள்ளம் வந்தது. காலை ஐந்து மணிக்கே பூப்படங்கள், சாமி படங்கள், எங்கிருந்தோ வந்த வைத்தியக் குறிப்புகள். போன மாதம் யாரோ கேட்டு நல்ல பதில் கிடைத்த கேள்வியை இந்த மாதம் இன்னொருவர் கேட்பார். பழைய பதில் எங்கோ புதைந்திருக்கும். அதைவிடக் கவலை தந்தது பூனைக்காலி விதை. அந்தப் பொடியைத் தின்றால் மாத்திரையே வேண்டாம் என்று ஒரு செய்தி சுற்றிச்சுற்றி வந்தது. பூனைக்காலியில் லெவோடோபா இருப்பது உண்மை. அதனால்தான் அது ஆபத்து. ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே மோசமாகலாம். நான் இதை எழுதியபோது குழுவை நடத்தியவர் எந்தப் பக்கமும் பேசவில்லை. எல்லாம் அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டார். அன்றைக்கு எனக்கு அந்தக் குழுவின் மேல் இருந்த நம்பிக்கை குறைந்துபோனது. ஒரு செய்தி பலமுறை கைமாறி வந்திருந்தால் வாட்ஸ்அப் அதன் மேல் இரட்டை அம்புக்குறி போடுகிறது. அந்தக் குறியைப் பார்த்தால் வைத்தியக் குறிப்பைத் தொடாமல் விடுவது என் வழக்கம்.

இன்னொரு குறையும் உண்டு. குழுவில் சேர்ந்ததும் நம் ஃபோன் நம்பர் அங்கே உள்ள எல்லார் கையிலும் போய்விடும். ஏதோ தைலம் விற்கிறவர் எனக்கு இரண்டு தடவை போன் செய்தார்.

ஃபேஸ்புக் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு கேள்வியின் கீழே பதில்கள் கோத்தபடி நிற்கும், தேடினால் பழையது கிடைக்கும், நடத்துபவர் பார்த்து அனுமதித்த பிறகே பதிவு வெளியே வரும்படி வைக்கலாம். இதெல்லாம் வாட்ஸ்அப்பைவிட மேல். பெயர் மறைத்துக் கேட்கும் வசதியும் சில குழுக்களில் இருக்கிறது. அதில் நடத்துபவருக்கு மட்டும் நாம் யாரென்று தெரியும். எனக்குப் பிடிக்காதது குழுவுக்கு வெளியே இருக்கிறது. பார்க்கின்சன் என்று நான்கு தடவை தேடிய பிறகு, ஸ்டெம் செல் சிகிச்சையில் குணமாக்குகிறோம் என்ற விளம்பரங்கள் எனக்கு வரத் தொடங்கின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு மட்டுமே ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாக ஏற்கின்றன. பார்க்கின்சன் அந்தப் பட்டியலில் இல்லை. நிலத்தை விற்றாவது குணமாக வேண்டும் என்று நினைக்கிற ஒருவர் கண்ணில் இந்த விளம்பரம் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பதறுகிறது.

ஆங்கிலத் தளங்கள் வேறு உலகம். எனக்கு வாசிக்கிற அளவு ஆங்கிலம் உண்டு, அஞ்சல் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். பார்க்கின்சன்காரர்களில் பலருக்குத் தூக்கம் கெடும். எனக்கு இரவு இரண்டு மணிக்கு விழிப்பு தட்டிவிடும். அப்போது நம் ஊர்க் குழுவில் யாரும் இருக்கமாட்டார்கள். அமெரிக்காவில் அது பட்டப்பகல். ரெட்டிட் என்ற கலந்துரையாடல் தளத்தில் பார்க்கின்சனுக்கென்று உள்ள பகுதியில் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். இருட்டில் படுத்தபடி அதை வாசித்தே பல இரவுகளைக் கடந்திருக்கிறேன்.

அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. அதனால் நம் குழுக்களில் வாயே திறக்காத விஷயங்களை அங்கே பேசுகிறார்கள். மலச்சிக்கல், சிறுநீர் அடக்க முடியாமை, தாம்பத்தியம். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. இந்த நோய்க்குத் தரும் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத ஆசையைக் கிளப்பிவிடும். சூதாட்டம், கண்டதையெல்லாம் வாங்குவது, காம வேட்கை. குணம் கெட்டுவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள், நோயாளியும் வெட்கத்தில் மறைப்பார். அது மருந்தின் விளைவு, டாக்டரிடம் சொன்னால் மாற்றித்தர வழி உண்டு. ஒரு பென்ஷன்காரர் ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்துகொண்டிருந்தால் அதைத் தன் மச்சினனும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் எப்படிச் சொல்வார்? தமிழில் பெயர் சொல்லாமல் இதையெல்லாம் பேச, நல்லபடி நடத்தப்படும் ஓர் இடம் வேண்டும். நான் தேடிய வரையில் அப்படி ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

இன்னொரு செய்தியும் அங்கே கற்றதுதான். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு நமக்கு ஆகாது, விறைப்பைக் கூட்டிவிடும். இதை டாக்டரிடம் உறுதிசெய்துகொண்டு ஒரு அட்டையில் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அந்த அட்டையை நீட்டுகிறேன்.

பேஷன்ட்ஸ் லைக் மீ என்ற தளம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஸ்டீஃபன் ஹேவுட் என்ற இளைஞருக்கு 1998-ல் ஏ.எல்.எஸ் என்னும் நரம்பு நோய் வந்தது. அவருடைய சகோதரர்கள் நண்பர் ஒருவரோடு சேர்ந்து 2004-ல் தொடங்கியது அது. மருந்து, அளவு, அறிகுறி எல்லாவற்றையும் நோயாளிகளே பதிவு செய்வார்கள். 2008-ல் லித்தியம் அந்த நோயை மெதுவாக்கும் என்று ஒரு சின்ன ஆய்வு வெளிவந்தது. உறுப்பினர்கள் பலர் தாங்களே லித்தியம் எடுத்து நடந்ததைக் குறித்தார்கள். பலன் இல்லை என்ற முடிவு 2011-ல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்தது. நோயாளிகள் ஒன்றுகூடினால் ஆறுதலோடு அறிவும் பிறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அதே தளத்தை 2019-ல் யுனைடெட் ஹெல்த் என்ற அமெரிக்க இன்சூரன்ஸ் குழுமம் வாங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் எழுதிவைக்கிற உடம்புக் கணக்கு நாளைக்கு யார் கையில் இருக்கும் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. நான் அங்கே வாசிப்பேன், என் விவரத்தைப் பதிவதில்லை.

ஆனால் ஆங்கிலத் தளத்தில் எனக்கு ஒரு தனிமை உண்டு. அவர்கள் இன்சூரன்ஸைப் பற்றியும் ரொட்டி, சீஸைப் பற்றியும் பேசுவார்கள். சாம்பாரில் எவ்வளவு பருப்பு போகலாம் என்று நான் அங்கே யாரிடம் கேட்பேன்?

வீடியோ கூட்டத்துக்கு வருகிறேன். நாங்கள் ஏழு பேர். பழைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து பிரிந்து வந்தவர்கள். பிசியோதெரபி படித்த ஒரு பெண் எங்களைச் சேர்த்து வைத்தார். ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கூடுகிறோம். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கவே இரண்டு வாரம் ஆனது. ஏழு பேருக்கும் மாத்திரை வேலை செய்கிற நேரம், நாங்கள் 'ஆன்' என்று சொல்கிற நேரம், ஒத்துவர வேண்டுமே.

வெளியில் என்னைப் பார்க்கிறவர்கள், "என்ன மேடம், கோவமா?" என்று கேட்பார்கள். முகம் அப்படி ஆகிவிட்டது. இந்தக் கூட்டத்தில் நோய் உள்ள எல்லார் முகமும் அப்படித்தான், அதனால் யாரும் யாரையும் கேட்பதில்லை. முதல் பத்து நிமிடம் ஆளுக்கொரு பத்தியாக அன்றைய செய்தித்தாளை உரக்க வாசிக்கிறோம். நாம் சாதாரணமாகப் பேசுவதாக நினைப்பது மற்றவர்களுக்குக் கிசுகிசுப்பாகக் கேட்கும். கத்துவதாக நினைத்துப் பேசினால்தான் சரியான அளவில் வரும். இதை ஒரு புத்திமதியாகப் பலமுறை வாசித்திருக்கிறேன். திரையில் மற்ற ஆறு பேரும் "கேக்கலை, இன்னும் சத்தமா" என்று சொன்ன பிறகுதான் குரல் ஏறியது.

கால் உறைந்து நிற்பதற்கும் மருந்து அங்கேதான் கிடைத்தது. வாசல் நிலைக்கு அருகே வந்ததும் பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும். தரையில் குறுக்கே ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டுவதாக நினைத்து எட்டு வைக்கலாம் என்று ஆங்கிலத் தளத்தில் கலர் டேப் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். எங்கள் கூட்டத்தில் தென்காசி அக்கா, "டேப் எதுக்கு, கோலமாவு இருக்கே" என்றார். எழுந்து போய் ஃபோனைத் திருப்பிக் காட்டினார். அடுக்களை வாசலில் அடியடியாக நான்கு கோடு இழுத்திருந்தார். அவர் நடந்தும் காட்டினார். அன்று மத்தியானமே என் வீட்டிலும் இழுத்துவிட்டேன்.

குறைகளும் இருக்கின்றன. ஏழு பேருக்குத் தெரிந்தது ஏழு பேருக்குத் தெரிந்தது மட்டும்தான். புது மருந்தைப் பற்றிக் கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. இணைத்துவிட வீட்டில் ஒருவர் துணை வேண்டும். போன ஆண்டு எங்களில் ஒருவர் இறந்துவிட்டார். பெரிய குழுவில் யாராவது இறந்தால் இருநூறு 'ஆழ்ந்த இரங்கல்' வந்து மறுநாள் பூப்படம் தொடரும். இங்கே அந்த ஞாயிறு செய்தித்தாள் வாசிக்கவில்லை. அவரைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொன்னோம். அவர் மனைவியை அடுத்த மாதம் அழைத்தோம், வந்தார், இன்னும் வருகிறார். இன்றைக்கு ஏழு பேர் என்று நான் சொல்வது அந்த அம்மாவையும் சேர்த்துத்தான்.

கவனித்துக்கொள்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நோயாளியும் துணையும் ஒரே குழுவில் இருப்பது சரியில்லை என்பது என் முடிவு. எங்கள் வீட்டுக்காரர் கவனிப்பவர்களுக்கான தனி வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். நான் அந்தக் குழுவைத் திறந்து பார்த்ததில்லை. ராத்திரி மூன்று தடவை எழுந்து என்னைத் திருப்பிப் படுக்க வைக்கிற மனிதர் அலுப்பை எங்காவது கொட்ட வேண்டும். நான் வாசிப்பேன் என்று தெரிந்தால் அவர் அங்கேயும் என்னைத் தாங்கித்தான் எழுதுவார்.

ஆகவே யாராவது கேட்டால் நான் சொல்வது இது. நோய் தெரிந்த முதல் மாதம் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள், ஆனால் ஒரு வாரம் பேசாமல் பாருங்கள். "மாத்திரையை நிறுத்து" என்று யாராவது எழுதும்போது நடத்துபவர் தடுக்கிறாரா என்று பாருங்கள். தடுக்காவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். வெட்கமான கேள்விக்கு ஆங்கிலத் தளம், அது முடியாதவர்களுக்கு ஃபேஸ்புக்கில் பெயர் மறைத்த பதிவு. மனம் மிகவும் சோர்ந்துபோனால் குழுவை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் இரவு பகலாக எடுக்கிறார்கள், தமிழிலும் பேசலாம். இதையெல்லாம் செய்துகொண்டே ஐந்தாறு பேரைத் தேடிப் பிடித்து முகம் பார்க்கிற கூட்டம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கில் ஒன்றுதான் என்றால் எனக்கு அதுதான்.

காசு கட்டாத ஜூம் கணக்கு நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும். அதே இணைப்பில் திரும்ப வர வேண்டும். கோவில்பட்டி அண்ணாச்சிக்கு அதற்குள் மாத்திரையின் வேகம் இறங்கி 'ஆஃப்' தொடங்கியிருக்கும், திரும்பச் சேரும் பொத்தானில் விரலை நிறுத்த அவருக்கு நான்கைந்து நிமிடம் பிடிக்கும். அவர் முகம் திரையில் வரும்வரை நாங்கள் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை.