நெஞ்சு எக்ஸ்ரே பார்க்கும் ஏஐ: திருகோணமலைக்கு வாங்கலாமா?

காசநோய் ஸ்கிரீனிங்குக்காக நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்து, நோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று மதிப்பெண் போடும் மென்பொருட்கள் கேட்4டிபி, கியூஎக்ஸ்ஆர் போன்றவை. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இவ்வகையைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. மூதூர், புல்மோட்டைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி. படம் எடுத்த கையோடு மதிப்பெண் வந்துவிடும். சந்தேகமென்றால் அன்றைக்கே சளி வாங்கி, அதில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கு அனுப்பலாம். ரிப்போர்ட்டுக்காக இன்னொரு பஸ் ஏற வேண்டாம்.

ஆனால் படம் பிசகினால் விடையும் பிசகும். தலைமுடிப் பின்னல் தோளில் கிடந்தால் நுரையீரல் உச்சியில் வெள்ளையாக விழும். பெரியவர்களில் காசநோய் அதிகம் பிடிக்கும் இடமும் அதுதான். ரேடியோகிராபருக்குப் பார்த்ததும் பின்னல் என்று தெரியும். மென்பொருளோ நோயென்று எடுத்து மதிப்பெண்ணை ஏற்றிவிடலாம். பின்னலைத் தலைக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். தாயத்து, சங்கிலி, ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். தோள்களை முன்னால் உருட்டினால்தான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும். எக்ஸ்ரே குழாய்க்கும் படம் பதியும் டிடெக்டருக்கும் 180 செ.மீ. இடைவெளி வேண்டும். மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தால் உதரவிதானத்துக்கு மேலே முன் விலா எலும்பு 6 எண்ணலாம். படுக்கையில் ஏபியாக, அதாவது கதிர் முன்பக்கமிருந்து போகும்படி, எடுத்தால் இதயம் பெருத்துத் தெரியும். அந்தப் படத்துக்கு வரும் விடையை நம்ப வேண்டாம்.

மதிப்பெண்ணில்தான் குழப்பம் அதிகம். கேட்4டிபியில் அது 0 முதல் 100 வரை, கியூஎக்ஸ்ஆரில் 0 முதல் 1 வரை. 60 வந்தால் காசநோய்க்கு 60 சதவீத வாய்ப்பு என்று அர்த்தமில்லை. எந்த எண்ணுக்கு மேல் சளிப் பரிசோதனை என்பதை நம் ஊர்ப் படங்களை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஆறிப்போன பழைய காசநோயின் தழும்புக்கும் மதிப்பெண் ஏறும். முன்பு மருந்து எடுத்தாரா என்று கேட்டுப் படிவத்தில் எழுதுவது கட்டாயம். மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால் பழைய எல்லை எண்ணை அப்படியே வைத்திருக்கக் கூடாது, திரும்பச் சரிபார்க்க வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இணையமின்றி இயங்கும் வடிவமும் கிடைக்கிறது. கிராமத்து முகாமுக்கு அதுதான் தோது. வெளிநாட்டு சேர்வருக்குப் படம் போகுமென்றால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களின் காசநோய் முகாமுக்குத் தாராளமாக வாங்கலாம். சிறுவர் படத்துக்கு வேண்டாம். வந்த முதல் மாதம், படம் பார்ப்பவர் தன் கருத்தை எழுதிய பிறகே மதிப்பெண்ணைத் திறக்கட்டும். முதலில் எண்ணைப் பார்த்துவிட்டால் கண் அதன் பின்னாலேயே போகும்.