ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்: எதிரில் நிற்பவளும் ஒரு அம்மா

கேப்காம் நிறுவனம் 2021 மே மாதம் வெளியிட்ட இந்தத் திகில் வீடியோ கேமை இன்றுவரை விட்டு விட்டு ஆடிக்கொண்டிருக்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. மகள் தூங்கிய பிறகுதான் பிளேஸ்டேஷன் 4 என் கைக்கு வரும். கதையை மறைக்காமல் பேசப்போகிறேன், இனிமேல்தான் ஆடப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் தடவை கதை எளிது. கடத்தப்பட்ட கைக்குழந்தை ரோஸைத் தேடி அப்பா ஈத்தன் போகிறார், குறுக்கே வருவதையெல்லாம் சுடுகிறோம். திரும்ப ஆடும்போதுதான் மற்றது உறைக்கிறது. கோட்டைச் சீமாட்டி டிமிட்ரெஸ்குவுக்கு மூன்று பெண்கள். குளிர்காற்று பட்டால் அவர்கள் உடம்பு இறுகிவிடும்; ஜன்னலை உடைத்தோ சுவரைத் தகர்த்தோ குளிரை உள்ளே விட்டால்தான் கொல்ல முடியும். முன்பு அது வெறும் புதிர். இப்போது அங்கே வந்தால் கை தயங்குகிறது. 9 அடிக்கு மேல் உயரமான ரத்தக்காட்டேரிதான், ஆனாலும் வளர்த்தவள் இல்லையா!

கதையின் முக்கிய வில்லி மதர் மிராண்டாவிடம் அந்த இரக்கம் வரவில்லை. ஸ்பானிஷ் காய்ச்சலில் இறந்த மகள் ஈவாவை மீட்க ரோஸைத் தூக்கிப்போனவள் அவள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இவளோ ஊரான் பிள்ளையைத் துண்டுகளாக்கி நான்கு குடுவைகளில் அடைத்துவிட்டுத் தன் பிள்ளைக்குக் காத்திருக்கிறாள்.

கேமில் வரும் பெனவியென்டோ வீடுதான் உச்சம். ஆயுதமெல்லாம் பறிபோய்விடும். இருட்டில் ஒரு ராட்சதச் சிசு அழுதுகொண்டே வரும், கட்டிலுக்கு அடியில் ஒளியவேண்டும். அந்தக் குரல் கேட்டதும் ஹெட்போனைக் கழற்றிப் பக்கத்து அறைக்குக் காது கொடுப்பேன். என் மகள் பள்ளிக்கூடம் போகும் வயசு, இருந்தும் இந்தப் பழக்கம் போகவில்லை. ஓடவேண்டிய நேரத்தில் அந்தச் சிசுவைத் தூக்கிக்கொள்ளத் தோன்றுகிறது. பயமே அங்கேதான் இருக்கிறது.

நம் பக்கம் புயல் மாதங்களில் ஆடுபவர்கள், கேமில் சேவ் செய்யும் இடமான தட்டச்சு இயந்திரம் கண்ணில் பட்டதும் சேவ் செய்துவிடுங்கள். 2024 ஃபெஞ்சல் சமயத்தில் எங்கள் இன்வெர்ட்டர் ஃபேனுக்கே திணறியது.

பெரிய குறை, ரோஸைப் பெற்றவளான மியா. ஆரம்பத்தில் வருவது மிராண்டா போட்ட வேஷம். நிஜ மியா கடைசியில் சிறையிலிருந்து வந்து கொஞ்சம் பேசுவதோடு சரி. அவள் கையில் ஒரு துப்பாக்கி கொடுத்திருந்தால் கதையே வேறு. 2022 அக்டோபரில் வந்த கூடுதல் பகுதியில் 16 வயது ரோஸாக ஆடலாம். அதிலும் காக்க வருவது அப்பாதான். இரண்டும் சேர்ந்த கோல்டு எடிஷன் தள்ளுபடியில் வந்தால் வாங்குங்கள், முழு விலைக்கு வேண்டாம்.