உப்புக் காற்றில் ஒரு பாஷ்லி: நெடுநாள் உழக்கிய பிறகு

லண்டனில் இருக்கும் அண்ணனிடமோ மாமாவிடமோ சொல்லி, பழைய பாணிச் சைக்கிள் ஒன்றைக் கப்பலில் எடுப்பிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மட்டக்களப்பு போன்ற தட்டையான கடலோர ஊரில் தினமும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் தாராளமாக எடுப்பியுங்கள். ஆனால் கியரைக் கழற்றிப் பார்க்க இங்கே ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதையும் தெரிந்துகொண்டு எடுப்பியுங்கள்.

என்னிடம் இருப்பது பாஷ்லி என்ற இங்கிலாந்துக் கம்பனியின் ரோட்ஸ்டர் சைக்கிள், கறுப்பு, மூன்று கியர். சித்தப்பா லண்டனில் ஓட்டிவிட்டு, ஊரோடு வந்து சேர்ந்தபோது சாமான்களோடு கொண்டுவந்தது. அவருக்கு முழங்கால் வலி என்பதால் என் கைக்கு வந்தது. நாவற்குடாவிலிருந்து புளியந்தீவுக்கு வேலைக்குப் போவது, சந்தைக்குப் போவது, பிள்ளையை ரியூசனில் விடுவது எல்லாம் வருடக்கணக்காக இதில்தான்.

பாஷ்லி பெரிய கம்பனி இல்லை. 1926 இல் பேர்மிங்ஹாமில் தொடங்கி, பிறகு ஸ்ட்ராட்போர்ட் அப்பான் ஏவனுக்கு மாறியது. பிரித்தானியத் தபால்காரர்கள் ஓட்டிய சிவப்புச் சைக்கிள்களை இவர்களும் செய்து கொடுத்திருக்கிறார்கள். குழாய்கள் சேரும் மூட்டுகளில் உறை போட்டு, பித்தளை உருக்கி ஒட்டும் பழைய முறையை இவர்கள் விடவில்லை. நம் அப்பாமார் ரலி, ஹம்பர் சைக்கிள்களில் தடவிப் பார்த்துப் பெருமைப்பட்ட அதே மூட்டு வேலை. பெயின்ற் அடித்த விதமும் அப்படித்தான். ஹாண்டிலுக்குக் கீழே இருக்கும் மூட்டை விரலால் தடவினால் இன்றைக்கும் ஒரு பிசிறு கையில் தட்டாது.

இனி இந்த ஊருக்கு உண்மையில் முக்கியமான விஷயம். ரயரின் பக்கவாட்டில் 28 × 1½ என்று போட்டிருக்கும். ரிம்மில் ரயர் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீற்றர். நம்மூரில் மீன் பெட்டி கட்டிப் போகிறவரும், வயலுக்குப் போகிற பெரியவரும் ஓட்டுகிற பெரிய சைக்கிளின் அளவு இதுதான். அதனால் சைக்கிளோடு வந்த ரயர் தேய்ந்ததும் காத்தான்குடியில் ஒரு கடையில் சாதாரண ரயரும் ரியூபும் வாங்கிப் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. வேறு வெளிநாட்டுச் சைக்கிள் வைத்திருக்கும் என் நண்பர்கள் 700 என்ற வேறு அளவு ரயருக்குக் கொழும்புக்கு ஆள் அனுப்புகிறார்கள். எடுப்பிக்கிறவர்கள் நிறம், மணி, கூடை எல்லாவற்றையும் பார்ப்பதற்கு முன் இந்த அளவைப் பாருங்கள். ஒரே கம்பனியிலேயே மொடலுக்கு மொடல் ரயர் அளவு மாறும்.

இரண்டாவது, இதில் ஓடும் பாகங்கள் எல்லாம் மூடியே இருக்கின்றன. செயின் முழுக் கவருக்குள். கியர் பின் ஹப்புக்குள், அதாவது பின் சில்லின் நடு உருளைக்குள். பிறேக்கும் ஹப்புக்குள். கல்லடிக் கரையில் மணலும் உப்பும் சேர்ந்து திறந்த செயினை என்ன பாடு படுத்தும் என்று இங்கே சைக்கிள் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் விட்ட அடுத்த வாரமே கரகரக்கத் தொடங்கும். இதில் எப்போதாவது கவரைத் திறந்து கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதும், சத்தமே இல்லை. வேட்டி, சாரம், சாரி எதுவும் மாட்டாது. வெளியே தெரியும் நட்டுகளையும் ஸ்போக்குகளையும் கடல்காற்று சும்மா விடாது. அவற்றை மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்து வருகிறேன்.

மூடியிருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. பின் ரயர் மாற்ற வேண்டுமென்றால் பிறேக் கேபிள், கியர்ச் சங்கிலி (கியர்க் கேபிளின் நுனியிலிருந்து ஹப்புக்குள் போகும் சிறு சங்கிலி), செயின் கவரின் பின்பாகம் எல்லாம் கழற்ற வேண்டும். அரைநாள் வேலை. பஞ்சர் என்றால் சில்லைக் கழற்றாமலே ரயரை ஒரு பக்கம் நெம்பி, ரியூபை வெளியே இழுத்து ஒட்டுப் போட்டுவிடலாம். எங்கள் கடைக்கார நானாவுக்கு அது கைவந்த கலை. கியர் பற்றிக் கேட்டபோது மட்டும், "தம்பி, வெளியால என்ன வேணுமெண்டாலும் செய்து தாறன், உள்ளுக்க மட்டும் கைவைக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டார்.

அவர் உள்ளே கைவைக்க வேண்டிய தேவை இன்றுவரை வரவில்லை. ஸ்ரேமி ஆர்ச்சர் கியர் அது. 1902 இல் நொட்டிங்ஹாமில் பிறந்த பெயர், 2000 இல் தைவான் கம்பனி ஒன்று வாங்கியது. நடுக் கியரில் சில்லு முன் பின் பல்லுச் சக்கரங்களின் கணக்குப்படியே சுற்றும், முதலாவதில் அந்தச் சுற்று கால்வாசி குறையும், மூன்றாவதில் மூன்றிலொரு பங்கு கூடும். மேடே இல்லாத ஊரில் கியர் எதற்கு என்று கேட்பார்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கல்லடியைத் தாண்டி நகருக்கு உழக்கிப் பார்த்தால் தெரியும். 1924 இல் திறந்த பழைய கல்லடிப் பாலமோ 2013 இல் திறந்த புதிய பாலமோ, இரண்டிலும் வாவிக் காற்றை மறைக்க ஒன்றுமில்லை. சைக்கிளும் 20 கிலோவை நெருங்கும் கனம். அங்கே முதல் கியர் இல்லாவிட்டால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். கியர் மாற்றும்போது உழக்குவதை ஒரு கணம் நிறுத்த வேண்டும். பழகிவிட்டால் கால் தானாக நிற்கும்.

கியர் வழுக்கினால் பதறாதீர்கள், பெரும்பாலும் கேபிள் தளர்ந்திருக்கும். நடுக் கியரில் வைத்து, வலப்பக்க நட்டில் இருக்கும் சிறிய ஓட்டையால் பாருங்கள். சங்கிலியோடு வரும் மெல்லிய கம்பி அச்சின் முனையோடு மட்டமாக நிற்க வேண்டும். உள்ளேயோ வெளியேயோ நின்றால், சங்கிலி கேபிளோடு சேரும் இடத்தில் உள்ள திருகை விரலாலேயே திருப்பிச் சரிசெய்யலாம்.

பிறேக் சட்டென்று கடிக்காது, ஆனால் மார்கழி மழையிலும் வெயிலிலும் ஒரே மாதிரிப் பிடிக்கும். எனக்கு அது போதும். தோல் சீற்றுக்குத்தான் நம் மாரி ஒத்துவராது. மழைக்காலத்தில் வாடைக்காற்று உள்ளே வரும் விறாந்தையில் விட்டால் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். துடைத்து, தோலுக்கான மெழுகு தடவி, வீட்டுக்குள் ஏற்றி வைக்க வேண்டும். அந்தக் கவனிப்புக்கு அது தகும். இப்போது என் உடம்புக்கென்றே வார்த்த மாதிரிப் படிந்துவிட்டது.

எடுப்பிப்பதாக முடிவு செய்தால், சைக்கிளோடு ஒரு கியர்க் கேபிள், ஒரு கியர்ச் சங்கிலி, ஒரு சோடி பிறேக் சூ, ஒரு டப்பா சீற் மெழுகு ஆகியவற்றையும் பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள். ரயரும் ரியூபும் வேண்டாம், இங்கேயே வாங்கலாம்.